காத்தாடிக் கையேடு: ஒரு அட்டவணையின் வலது ஓரம்

ஜூலை 10, வியாழன்

மதியம் பணகுடியிலிருந்து போன். காற்றாலையில் ஏறி வேலை பார்க்கும் தம்பிகளில் ஒருவன். "யக்கா, சாம்பிள் புக்குல 20 எம்எம் போல்ட்டுக்கு இறுக்கம் 34ன்னு போட்டிருக்கு. சின்ன ஸ்பேனர்லயே முடிஞ்சிருமே, சரிதானா?"

காத்தாடி பராமரிப்புக்கு நான் எழுதும் கையேட்டின் சாம்பிள் பிரதியைத்தான் சொல்கிறான். கணினியில் திறந்து பார்த்தேன், 340 நியூட்டன் மீட்டர் என்று தெளிவாக இருக்கிறது. மேசையில் கிடந்த அச்சுப் பிரதியில் 34. கடைசிச் சுழியம் தாளின் வலது ஓரத்தோடு போய்விட்டது. வயிற்றில் புளியைக் கரைத்தது. அவனுக்கு அனுபவம் இருக்கிறது, கேட்டான். புதுப் பையன் 34க்கு இறுக்கிவிட்டு இறங்கி வந்திருப்பான்.

காற்று சீசன் முடிந்ததும் போல்ட் எல்லாவற்றையும் இறுக்கிப் பார்க்கும் வேலை தொடங்கும். அதற்குள் சரியான கையேடு போய்ச் சேர வேண்டும்.

ஜூலை 12, சனி

இந்தக் கையேட்டை யாரும் பக்கம் பக்கமாக அடுக்குவதில்லை. நான் எழுதும் வெறும் எழுத்துக் கோப்புகளை ஸ்ஃபிங்ஸ் என்ற மென்பொருள் எடுத்து, பக்கம் அமைக்கும் மென்பொருளான லேடெக்கிடம் கொடுக்கும், அது பிடிஎஃப் ஆக்கித் தரும். டிடிபி அண்ணாச்சியாக இருந்தால் பக்கத்தைக் கண்ணால் ஒரு தடவை பார்த்திருப்பார். இங்கே அந்தக் கண் கிடையாது. பதிலுக்கு, எங்கே என்ன சிக்கல் என்று லேடெக் எழுதி வைக்கும் லாக் ஃபைல் இருக்கிறது. அதை இத்தனை நாள் நான் படிக்கவில்லை.

இன்று உட்கார்ந்து படித்தேன். 'ஓவர்ஃபுல் எச்பாக்ஸ், 63.8 பாயிண்ட் அதிகம்', அதாவது ஒதுக்கிய அகலத்தை மீறிவிட்டது என்று அந்த அட்டவணைக்கு நேராகவே எழுதி வைத்திருக்கிறது. லேடெக்குக்கு அடிப்படையான டெக்கின் கணக்கில் ஒரு அங்குலத்துக்கு 72.27 பாயிண்ட். அப்படியானால் அட்டவணை மார்ஜினைத் தாண்டி 22 மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது. மார்ஜின் ஒரு அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். மீதி 3 மில்லிமீட்டர் இருக்கிறதே, பிறகு எப்படி வெட்டுப்பட்டது?

தாள்தான். ஸ்ஃபிங்ஸ் நாம் எதுவும் சொல்லாவிட்டால் அமெரிக்க லெட்டர் அளவை எடுத்துக்கொள்ளும். லெட்டரின் அகலம் 215.9, நம்முடைய ஏ4 210. நடுவில் வைத்து அச்சடித்தால் இடது ஓரத்தில் 3 மில்லிமீட்டர், வலது ஓரத்தில் 3 மில்லிமீட்டர் போச்சு. அட்டவணை சரியாகத் தாளின் விளிம்பில் வந்து நிற்கிறது. அச்சு இயந்திரமோ விளிம்பை ஒட்டிச் சில மில்லிமீட்டருக்கு மை போடாது. சுழியம் நின்றது அந்த இடத்தில்தான்.

தாளை ஏ4 என்று மாற்ற ஒரே வரி போதும். ஆனால் அட்டவணை இன்னும் வெளியேதான் நிற்கிறது.

ஜூலை 14, திங்கள்

அட்டவணை ஏன் அகலமாகிறது? முதல் நெடுவரிசையில் 'கோபுரப்பகுதிகளுக்கிடையிலான' என்று ஒரு சொல். லேடெக்கில் தமிழுக்குச் சொல் முறிக்கும் விதிகள் உண்டு, நானும் தமிழ் என்று சொல்லித்தான் வைத்திருக்கிறேன். அப்படியும் முறியவில்லை. மற்ற நெடுவரிசைகளில் நீளமான சொற்கள் அழகாக முறிந்து அடுத்த வரிக்குப் போகின்றன. இந்த நெடுவரிசை மட்டும் அடம்பிடிக்கிறது.

அரை நாள் போன பிறகு பிடிபட்டது. டெக் ஒரு பத்தியின் முதல் சொல்லை முறிக்காது. அட்டவணையில் ஒவ்வொரு கட்டமும் அதற்குத் தனிப் பத்தி. கட்டத்தில் இருப்பதே ஒரு சொல் என்றால் அதுதான் முதல் சொல்! முன்னால் அகலமே இல்லாத ஒரு இடைவெளியைச் சேர்த்தேன். உடனே முறிந்தது. ஆனால் முறிந்த இடத்தில் ஒரு சிறு கோடு. நம் பத்திரிகைகளில் சொல்லை முறித்தால் கோடு போடும் வழக்கம் இல்லை, கண்ணை உறுத்தியது. கோட்டுக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்றைக் கொடுத்ததும் அதுவும் போயிற்று.

பிறகு ஒரு யோசனை. அந்தத் தம்பிகள் யாரும் 'கோபுரப்பகுதிகளுக்கிடையிலான இணைப்பு' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர்கள் சொல்வது 'டவர் ஜாயிண்ட்'. அதையே போட்டேன். அட்டவணை ஒரு விரல் அளவு சுருங்கியது. இத்தனை மல்லுக்கட்டும் நான் உருவாக்கிய ஒரு சொல்லுக்காகத்தான்.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். அம்மா பாயசத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்.

வெற்றுப் பக்கங்களை எடுத்தாயிற்று. ஒவ்வொரு அத்தியாயமும் வலப்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது புத்தகத்துக்கான ஏற்பாடு. ஸ்பைரல் போட்ட கையேட்டுக்கு அது எதற்கு? எந்தப் பக்கத்திலும் தொடங்கலாம் என்று மாற்றினேன். படங்கள் தம் விளக்கத்தை விட்டு இரண்டு பக்கம் தள்ளிப் போவதையும் அந்தந்த இடத்திலேயே நிற்கவைத்தேன்.

இனிமேல் பிடிஎஃப் உருவாக்கும்போது லாக்கில் 5 பாயிண்ட்டுக்கு மேல் ஓவர்ஃபுல் இருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும்படி ஒரு சின்ன நிரல் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 19, சனி

வண்ணார்பேட்டையில் புதுப் பிரதி எடுத்துக்கொண்டு பணகுடி பஸ் ஏறினேன். வள்ளியூர் தாண்டியதும் ஜன்னலைத் திறக்க முடியவில்லை, அப்படிக் காற்று.

அந்தத் தம்பி கையில் கிரீஸோடு வந்தான். துடைத்துவிட்டு அட்டவணைப் பக்கத்தைத் திறந்தான். வரிசை மாறாமல் விரலை வைத்து இடமிருந்து வலமாக நகர்த்தினான். "340" என்று வாய்விட்டுப் படித்தான். அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை. கடைசி வரை படித்தான்.

"நம்பர் எல்லாம் சரியா இருக்குக்கா. இந்த ஒயரிங் படம்தான் சிறுசா இருக்கு. டார்ச் வெளிச்சத்துல சிவப்பு ஒயர் எது, பிரவுன் எதுன்னு தெரியாது பாத்துக்கிடுங்க."

பக்கம் 41. மூலையை மடித்து வைத்திருக்கிறேன்.