ஒன்பது மணி நேரம் வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு காப்பக நாய்

நாயைத் தத்தெடுக்கக் காப்பகத்தில் தந்த படிவத்தில் 'நாய் எவ்வளவு நேரம் தனியாக இருக்கும்' என்ற இடத்தில் முதலில் நான்கு மணி நேரம் என்று எழுதினேன், மனசு கேட்கவில்லை, அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினேன். மறுத்துவிட்டார்கள். நான் கேட்டது மூன்று மாதக் குட்டி. அந்த வயதில் மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது, பூட்டிய வீட்டில் அது நாள் முழுக்க என்ன செய்யும் என்றார்கள். அன்றைக்கு அழுதேன். ஆனால் அவர்கள் சொன்னது சரி.

அடுத்த காப்பகத்தில் எனக்குப் பிடித்த நாயைத் தேடுவதை விட்டுவிட்டு, எப்போது எழுவேன், எப்போது கிளம்புவேன், மதியம் யார் எட்டிப் பார்ப்பார்கள் என்று என் நாளை அப்படியே சொன்னேன். அங்கிருந்த தன்னார்வலர் என்னைக் குட்டிகள் பக்கம் கூட்டிப் போகவே இல்லை. ஐந்து வயதுச் சிட்டுவைக் காட்டினார். வளர்ந்த நாய் நாளில் பாதி நேரம் தூங்கும், பழகிவிட்டால் உங்கள் வேலை நேரத்துக்கு ஒத்துவரும் என்றார். மூன்று வார இறுதிகள் போய் அவளோடு நடந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். தடுப்பூசி, கருத்தடை, குடற்புழு மருந்து எல்லாம் அவர்களே முடித்திருந்தார்கள். மைக்ரோசிப் (நாயின் தோலுக்கு அடியில் வைக்கும் சின்ன அடையாளச் சில்லு) பதிவில் நம் தொலைபேசி எண்ணை மாற்றுவது மட்டும் நம் வேலை, அதை அன்றைக்கே செய்துவிடுங்கள், சிப்புக்குள் வெறும் அடையாள எண்தான் இருக்கிறது.

பத்து நாள் விடுப்பு எடுத்து, பத்து நாளும் அவளை விட்டு நகராமல் இருந்தேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான். முதல் மூன்று நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்து, ராத்திரி நான் தூங்கிய பிறகு மட்டும் சாப்பிட்டவள், பத்தாம் நாள் என் காலடியில் படுத்திருந்தாள். பதினோராம் நாள் வேலைக்குப் போய்த் திரும்பினால் கதவெல்லாம் நகக்கீறல், தரையில் எச்சில், நாள் முழுக்க ஊளையிட்டாள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். கேமரா வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, நான் சாவியை எடுத்ததுமே அவளுக்கு மூச்சிரைக்கத் தொடங்கிவிடுகிறது. அது பயம். திட்டினால் பயம் கூடும், அவ்வளவுதான்.

அப்புறம் சாவியை எடுப்பேன், எங்கும் போகாமல் உட்காருவேன். செருப்பு போட்டுக்கொண்டு சமைப்பேன். கதவைத் திறந்து மூடுவேன். பிறகு வெளியே ஐந்து விநாடி, இருபது விநாடி, ஒரு நிமிடம். மூச்சிரைத்தால் அடுத்த முறை பழையபடி குறைந்த நேரத்துக்குத் திரும்பிவிடுவேன். முப்பது நிமிடத்தை எட்ட மூன்று வாரம் ஆனது. இதில் கஷ்டமே, அந்தப் பழக்கம் வரும்வரை அவள் தாங்கும் நேரத்துக்கு மேல் தனியாக விடவே கூடாது, ஒரு நாள் விட்டாலும் செய்தது வீணாகிவிடலாம். பாதி நாள் வீட்டிலிருந்து வேலை, மீதிக்கு அக்காவும் என் தோழியும் மாறி மாறி. இந்த ஆட்களை நாய் வருவதற்கு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும், நான் பிறகு போய்க் கெஞ்சினேன்.

காலை நடை இப்போது ஐந்தே கால் மணிக்கு. வேகமாக இழுத்துப் போவதைவிட, நின்று நின்று மோப்பம் பிடிக்க விட்டால் நன்றாகக் களைத்துப் போகிறாள். முதல் மாதம் கழுத்துப்பட்டையில் ஒன்று, ஹார்னஸில் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) ஒன்று என இரண்டு கயிறு கட்டினேன், புது இடத்தில் மிரளும் நாய் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும். கிளம்பும் முன் காலை உணவைப் பழைய துண்டில் சுருட்டி வைத்துவிடுவேன், பிரித்துத் தேடித் தின்ன அவளுக்கு இருபது நிமிடம் ஆகும்.

நான்கு மாதம் முடிந்தது. மதியம் அக்கா வந்து வெளியே கூட்டிப் போகிறார். போன வாரம் நான் சாவியை எடுத்தபோது சிட்டு தலையைத் தூக்கிப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், திரும்பவும் படுத்துக்கொண்டாள்.