வால்பாறை ஏற்றத்தில் 15.6 வோல்ட்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள், பாதிக்கு மேல் இரண்டாம் கியர். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவின் (ஆல்டர்னேட்டர் என்று நம் மெக்கானிக்குகள் யார் சொல்கிறார்கள்?) வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் கெட்டிருந்தால் பொள்ளாச்சி நெரிசலில் ஐட்லிங்கில் தெரியாமலே போகலாம். மலையில் ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) ஏறியதும் வோல்டேஜும் கூடவே ஏறி, பேட்டரி ஓவர்சார்ஜ் ஆகும்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஹெட்லைட் பளிச்சிடுவது, பல்புகள் அடிக்கடி போவது, லைட்டர் சாக்கெட்டில் செருகிய மீட்டர் 15-ஐத் தாண்டுவது எல்லாம் இதன் அறிகுறிகள். அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ பேட்டரி உப்பியிருந்தாலோ சோதனை எதுவும் வேண்டாம். இன்ஜினை நிறுத்தித் தள்ளி நில்லுங்கள். ஹைட்ரஜன் வெளியேறும் நேரம் அது, தீப்பொறி ஆகாது.

வண்டியை நிறுத்திச் சோதிக்க ஒன்பதாவது வளைவின் காட்சிமுனை தோது. தடுப்புச் சுவரில் வரையாடு நிற்கும். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு அதைப் படமெடுக்கப் போய்விடாதீர்கள், குரங்குகள் வயரை விடாது.

முதலில் மல்டிமீட்டரையே சந்தேகியுங்கள். உள்ளிருக்கும் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோன மலிவு மீட்டர், உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். மீட்டர் சரியென்றால், ஓடிய வண்டியில் சிறிது நேரம் ஹெட்லைட் போட்டு அணைத்துவிட்டு, இன்ஜின் நின்ற நிலையில் பேட்டரி முனைகளிலேயே அளங்கள்: 12.6 நிறைவு. ஸ்டார்ட் செய்து 2000 ஆர்பிஎம்மில் 13.8 முதல் 14.5 வரை இயல்பு. குளிர்ந்த காலையில் 14.7 வந்தாலும் பதறத் தேவையில்லை. லைட்டும் ப்ளோயரும் போட்ட பிறகும் 15-க்குக் கீழே இறங்கவில்லையென்றால் ஓவர்சார்ஜ்தான்.

உடனே டைனமோ மாற்றச் சொல்பவரிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லுங்கள். சென்ஸ் வயர் (பேட்டரியின் வோல்டேஜை ரெகுலேட்டருக்குத் தெரிவிக்கும் தனி வயர்) உள்ள வண்டியில் ரெகுலேட்டர் அந்த வயர் கொண்டுவரும் வோல்டேஜைத்தான் நம்பும். வழியில் ஃபியூஸ் பிடியோ கனெக்டரோ களிம்பு பிடித்து 1 வோல்ட்டை விழுங்கினால், பேட்டரி 15.4-ல் கொதிக்கும்போதும் ரெகுலேட்டருக்கு 14.4 என்றே தெரியும். ஆகவே இன்ஜின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மறு முனையை டைனமோவில் உள்ள சென்ஸ் பின்னிலும் வையுங்கள். 0.1-க்கு மேல் காட்டினால் வயரிங்தான் குற்றவாளி. வயரிங் சுத்தமாக இருந்தும் 15.6 நின்றால்தான் ரெகுலேட்டர். பல டைனமோக்களில் கார்பன் பிரஷ்ஷோடு அதை மட்டும் தனியே மாற்றலாம்.

புதிய வண்டிகளில் இன்னொரு குழப்பம் உண்டு. ஈசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) கட்டுப்படுத்தும் ஸ்மார்ட் டைனமோ, இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் 15 வரை ஏற்றி பேட்டரியில் சேமிக்கும். மிதித்ததும் 13-க்கு வரும். அது பழுதல்ல. ஏற்றத்திலும் 15-லேயே நின்றால்தான் பழுது.

ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வித்தை இன்னும் சாகவில்லை. கழற்றும் கணத்தில் எழும் வோல்டேஜ் ஈசியூவையே எரித்துவிடக்கூடும்.

பழுது உறுதியானால் திரும்பி இறங்குவதே நல்லது. இன்ஜினை நிறுத்தி டைனமோவின் சிறு கனெக்டரைக் கழற்றி, மீண்டும் ஸ்டார்ட் செய்து அளங்கள். சார்ஜிங் நின்றிருந்தால், பகலில் ஏசி இல்லாமல், நல்ல 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பெட்ரோல் வண்டி ஒரு மணி நேரம் தாங்கும். ஒன்பதாவது வளைவிலிருந்து பொள்ளாச்சி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய்ச்சேர அது போதும். இடையில் மட்டும் இன்ஜினை அணைக்காதீர்கள்.