நோட்டின் கடைசிப் பக்கம்

கண்மாய், ஏரிகளை ஊர்க்காரர்களே சேர்ந்து செப்பனிடும் குடிமராமத்து, 2017-ல் அரசுத் திட்டமாக மறுபடி வந்தபோது, முதல் கட்டப் பட்டியலில் எங்கள் ஊர்க் கண்மாயும் இருந்தது. மாநிலம் முழுக்க 1,519 வேலைகளுக்கு 100 கோடி ரூபாய். எங்கள் எஸ்டிமேட் 8 லட்சம். அதில் பத்து சதவீதம் ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலத்துக்காரர்கள் பங்கு. பணமாகத் தரலாம், பொருளாகத் தரலாம், உடலுழைப்பாகவும் தரலாம்.

சங்கம், தீர்மானம், வங்கிக் கணக்கு எல்லாம் பத்து நாளில் முடிந்தன. 80,000 ரூபாய் வசூல்தான் இழுத்தடித்தது. ஆயக்கட்டு 160 ஏக்கர், ஏக்கருக்கு 500 என்று நோட்டில் எழுதினேன். காகிதத்தில் கணக்கு சரி. பட்டாவில் பேர் இருந்தவர்களில் பாதிப்பேர் திருப்பூரில். "கடைமடைக்குத் தண்ணி வந்தே ஆறு வருஷம் ஆச்சு, நான் எதுக்குடா குடுக்கணும்?" என்றார் வாய்க்கால் கடைசியில் வயல் வைத்திருக்கும் ஒரு பெரியப்பா. நியாயமான கேள்விதான்.

ஒருநாள் சாயங்காலம் மந்தையில் உட்கார்ந்திருந்தேன். ஆடு மேய்க்கும் அக்கா 200 ரூபாயை நோட்டின் மேல் வைத்தார்.

"உங்களுக்கு நிலமே இல்லையேக்கா?"

"ஆடு எங்க தம்பி தண்ணி குடிக்குது?"

பெயர், சர்வே நம்பர், ஏக்கர் என்றுதான் கட்டம் போட்டிருந்தேன். அவர் பெயரைக் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். அப்புறம் அந்தப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனோம். கண்மாய் நிறைந்தால் ஊறும் கிணற்றுக்காரர்கள், மீன்பாசி குத்தகைக்காரர், கோரை அறுப்பவர்கள் என்று 23,000 சேர்ந்தது. கடைமடைக்காரர்களிடம் ரூபாய் கேட்பதை விட்டுவிட்டு, மடை வேலைக்கு வீட்டுக்கு ஒரு ஆள் கேட்டோம். பெரியப்பாவே மண்வெட்டியோடு வந்தார்.

எஸ்டிமேட்டில் 'முள்மரங்கள் அகற்றுதல்' என்று ஒரு வரி. சீமைக்கருவேலம் போகட்டும். நடுத்திட்டில் நிற்பது நாட்டுக்கருவேலம். நத்தைகுத்தி நாரையும் கொக்கும் கூடு கட்டுவது அதில்தான். வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீரையே உரமாக நினைக்கிறார்கள், நாம் மரத்தை வெட்டுவதா என்று கூட்டத்தில் வாதாடினேன். ஜேசிபிக்காரருக்கு இந்த முள் எது, அந்த முள் எது என்று தெரியாதே. பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து ஒவ்வொரு மரத்திலும் கட்டிவிட்டோம். பதினேழு மரம் தப்பியது.

பில் பாஸாக நாலு மாதம். அதுவரை ஜேசிபி வாடகையும் டீசலும் எங்கள் தலையில். நானும் சங்கச் செயலாளரும் வீட்டு நகைகளை அடகு வைத்தோம். பணம் கைக்கு வந்ததும் நகைகளை மீட்டுவிட்டோம். வட்டிக்கு மட்டும் எஸ்டிமேட்டிலும் கட்டம் இல்லை, என் நோட்டிலும் இல்லை.