அதிமதுரமும் ஆப்ப சோடாவும்

லண்டனுக்கு வந்து நாலு வருஷமாகியும் ஷெர்பெட் ஃபவுன்டன் மிட்டாயைச் சாப்பிட்டதில்லை என்றேன். பக்கத்து மேஜைக்காரர் என்னைத் தடுப்பூசி போடாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

1925-இலிருந்து இங்கே விற்கிற சாமான் அது. மஞ்சள் குழாய், உள்ளே வெள்ளைப் பொடி, நடுவில் கறுப்பாக ஒரு குச்சி. பெயரில் சர்பத் இருக்கிறதே, நன்னாரி வாசனை வரும் என்று நினைக்காதீர்கள். அரபியிலிருந்து கிளம்பிய ஒரே சொல் நம் ஊரில் தண்ணீராகவும் இவர்கள் ஊரில் மாவாகவும் ஆகிவிட்டது. சர்க்கரை, புளிப்புக்கு ஓர் அமிலம், ஆப்ப சோடா. எச்சில் பட்டதும் அமிலமும் சோடாவும் சேர்ந்து நாக்கில் பொங்கும். சர்க்கரை போட்ட ஈனோ என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தக் குச்சி? அதிமதுரம்! இருமினால் பாட்டி வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வாளே, அதே அதிமதுரத்தின் சாறு. மதுரையில் நான் கொல்லைப்பக்கம் ஓடிப்போய்த் துப்பியதை இங்கே காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

"குச்சி நுனியைக் கடித்துவிட்டு ஸ்ட்ரா மாதிரி உறிஞ்ச வேண்டும், அதுதான் முறை" என்றார் அவர். அறுபதைத் தாண்டியவர். அவர் சின்னப்பையனாக இருந்தபோது குச்சி உள்ளே ஓட்டையாக இருந்ததாம், குழாய் காகிதமாம். குச்சி எப்போதோ கெட்டியாகிவிட்டது, 2009-இல் பிளாஸ்டிக் குழாயும் வந்துவிட்டது. இதெல்லாம் அவருக்கும் தெரியாது, அன்றைக்கு எனக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈஸ்ட் ஹாமில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் முருங்கைக்காயோடு அதையும் ஒன்று வாங்கினேன். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து நுனியைக் கடித்து உறிஞ்சினேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் பலமாக உறிஞ்சினேன். ம்ஹூம். சரி, குச்சியில்தானே கோளாறு என்று அதை உருவிப் போட்டுவிட்டுக் குழாயையே வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தேன்.

பாதிப் பொடி மூச்சுக்குழாய்க்குப் போயிற்று. மீதி, இருமிய வேகத்தில் நெற்றி, மூக்கு, கறுப்புக் கோட்டு எல்லாம் அபிஷேகம். கண்ணில் தண்ணீர், வாயில் நுரை. அந்த நிலையிலும் காசு போட்ட பொருளாயிற்றே என்று மடியில் கொட்டியிருந்ததைக் கடை ரசீதில் வழித்துப் பொட்டலமாக மடித்தேன் பாருங்கள், அதுதான் வினை.

பக்கத்தில் ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். என் நெற்றியைப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்தது.

"கோயிலாலயோ தம்பி வாறியள்?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது. இருமுகிறபோது தலை ஆடுமில்லையா, அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். முருகன் கோயிலுக்கு இன்றைக்குப் போக முடியவில்லை, முழங்கால் வலி என்றார். "கொஞ்சம் தாங்கோ" என்று வலது கையை நீட்டினார், இடது கையை அதற்குக் கீழே பிடித்துக்கொண்டு. அப்படிக் கேட்கிறவரிடம் இது மிட்டாய் என்று எப்படிச் சொல்வது? கொடுத்துவிட்டேன்.

கண்ணை மூடி நெற்றியில் பூசினார். மிச்சத்தை, நம் வழக்கப்படி, விரல் நுனியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு வாயை மூடினார்.

மூடிய கண் பட்டென்று திறந்தது. கன்னம் ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்தது. பஸ் வந்தது, போயிற்று. இரண்டு பேரும் ஏறவில்லை.

இப்போது நானும் அப்படித்தான் சாப்பிடுகிறேன். குச்சியை ஈரமாக்கித் தொட்டால் இரண்டாம் தடவைக்குள் பொடி கட்டி தட்டிவிடுகிறது. காய்ந்த விரல், ஒரு சிட்டிகை, மூடிய வாய். சுறுசுறுவென்று அது பொங்கி அடங்குகிறவரைக்கும் பேசக்கூடாது.

அந்த அம்மாவும் பேசவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு என் பக்கம் குனிந்து, "எந்தக் கோயில் தம்பி?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, மறுபடி கையை நீட்டினார்.