கடைசி ஆறு அத்தியாயம்

"கதை இப்போ கிண்டில்ல இருக்கும்மா. அங்க படிச்சுக்கோங்க. பிடிஎஃப் யாருக்கும் தர்றதில்ல. ஏற்கனவே நிறைய பட்டுட்டேன்."

இணையத்தில் வாராவாரம் நான் எழுதும் தொடர்கதைகளைப் படிக்கிற ஒரு வாசகிக்கு 2022 ஆகஸ்டில் நான் அனுப்பிய பதில் இது. நாலே வரி. முதல் மூன்று வரிகளில் தவறு எதுவும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். நாலாவது வரியை மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

அவர் கேட்டது இவ்வளவுதான்: "அக்கா, கடைசி ஆறு அத்தியாயம் படிக்கிறதுக்குள்ள லிங்க் எடுத்துட்டீங்க. அது மட்டும் பிடிஎஃப்பா அனுப்ப முடியுமா? யாருக்கும் தரமாட்டேன்."

யாருக்கும் தரமாட்டேன் என்று நான் கேட்காமலே ஏன் சொன்னார்? அந்த நிமிடம் என் மனதில் ஓடியது அதுதான். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த மாதம் நான் இருந்த நிலையையும் சொல்லியாக வேண்டும்.

முந்தைய நாவல் டெலிகிராமில் முழுசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் இருந்து எடுத்தது அல்ல. வாரம் மூன்று அத்தியாயமாக நான் போட்டதை ஒவ்வொன்றாக நகலெடுத்து, எழுத்துப்பிழைகள்கூட அப்படியே இருக்க, ஒரே கோப்பாகச் சேர்த்திருந்தார்கள். பின்னால் நான் திருத்திய பிழைகள் அதில் திருத்தப்படாமல் கிடந்தன. அதாவது, போட்ட அன்றோ மறுநாளோ வந்து, ஒன்று விடாமல் எடுத்து வைத்த யாரோ செய்த வேலை. என் எழுத்தை ஒன்று விடாமல் படிப்பவர்கள் யார்? வாராவாரம் கமெண்ட் போடுகிற அந்த அறுபது எழுபது பேர். யாருடைய பெயரைத் திரையில் பார்த்தால் மனது நிறையுமோ, அவர்கள் ஒவ்வொருவர் மேலும் ஒரு மாதமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வருமானக் கணக்கு தெரியாதவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழில் நேரடியாகப் புத்தகம் போட வழி வந்தது. இணையதளங்களில் விளம்பரம் போட்டு அதற்குக் காசு தருகிற கூகுள் ஆட்சென்ஸ், 2018 பிப்ரவரியில் தமிழை ஏற்றுக்கொண்டது. விளம்பரத்தில் எனக்கு வந்தது இணையக் கட்டணத்துக்குக்கூடப் போதவில்லை. கிண்டில்தான் கைகொடுத்தது. அதிலும் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குபவர்கள் குறைவு. மாதச் சந்தா கட்டிப் படிப்பவர்கள்தான் அதிகம். அவர்கள் புரட்டுகிற ஒவ்வொரு பக்கத்துக்கும் நமக்குப் பைசாக் கணக்கில் வரும், அதுவும் இரண்டு மாதம் கழித்து. அந்தத் திட்டத்தில் புத்தகத்தைச் சேர்த்தால் 90 நாளைக்கு இணையத்தில் வேறு எங்கும் அது இருக்கக் கூடாது. அதனால்தான் எங்களைப் போன்ற தொடர்கதைக்காரர்கள் கதை முடிந்ததும் பத்து நாள் லிங்க் வைத்திருந்துவிட்டு எடுத்துவிடுகிறோம். எடுக்கும்போதெல்லாம் திட்டு விழும். எடுக்காவிட்டால் அடுத்த மாதம் வாடகை கொடுக்க முடியாது.

2019-ல் ஆடிட்டர் அலுவலக வேலையை விட்டேன். அதன்பிறகு எனக்கு வேறு சம்பளம் கிடையாது. டெலிகிராமில் அந்தக் கோப்பு வந்த மாதம், முந்தைய நாவலின் பக்கக் கணக்கு பாதிக்கும் கீழே போனது. அந்த வரைபடத்தை ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தவளிடம் ஒருத்தர் பிடிஎஃப் என்ற வார்த்தையைச் சொன்னால் என்ன பதில் வரும்?

சரி, இது என் பக்கம். இப்போது அவர் பக்கம்.

அவர் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தார், மில் ஹாஸ்டலில் தங்கி. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், கதையில் வரும் பெண்ணையும் நான் மில்லில் வேலை செய்பவளாகத்தான் வைத்திருந்தேன். மில் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பஸ்ஸில் போகும்போது வாசலைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். மூன்றாவது அத்தியாயத்தில் அவள் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து யோசிப்பதாக எழுதினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து கமெண்ட் வந்தது: "அக்கா, கதை சூப்பர். ஆனா சைடர் உக்காரவே முடியாது. நூல் அறுந்துக்கிட்டே இருக்கும், நடந்துக்கிட்டே இருக்கணும். யோசிக்கிறதுன்னா நடந்துக்கிட்டேதான் யோசிப்போம்."

சைடர் என்றால் நூற்பு மெஷினைப் பார்த்துக்கொண்டு, அறுந்த நூலை ஒட்டுகிறவர். அவருடைய அந்தக் கடைசி வாக்கியத்தை அப்படியே கதையில் எடுத்துக்கொண்டேன். நாவலில் நிறையப் பேர் மேற்கோள் காட்டுகிற வரி அதுதான்.

அதன்பிறகு நானே கேட்க ஆரம்பித்தேன். அரை நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் ஹாஸ்டலில் சோறு இருக்குமா, பஞ்சு தலைமுடியில் ஒட்டினால் என்ன செய்வீர்கள், மெஷின் சத்தத்தில் பக்கத்து ஆளிடம் எப்படிப் பேசுவீர்கள் என்று. அவர் ஒவ்வொன்றுக்கும் நீளமாகப் பதில் எழுதுவார். உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். புதிதாக வந்த பெண் அதைப் பிடித்துக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆகுமாம். அதுவரை அவள் தனியாள். இப்படி ஒரு விஷயத்தை நான் நாற்காலியில் உட்கார்ந்து கற்பனை செய்து கண்டுபிடித்திருக்க முடியாது.

ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் தருவார்கள் என்றும் அவர்தான் சொன்னார். மூன்று அத்தியாயத்தையும் அன்றைக்கு ஒன்றாகப் படித்துவிட்டு, மூன்றுக்கும் தனித்தனியாக எழுதுவார். ஞாயிறு மதியம் சாப்பிட்டுப் படுக்கப் போகும்போது என் போன் மூன்று முறை சத்தம் போடும். அவர்தான் என்று பார்க்காமலே தெரியும்.

இதையெல்லாம் தெரிந்துவைத்திருந்தும், பத்து நாள் என்று அறிவித்தபோது அதில் எத்தனை ஞாயிறு வருகிறது என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஒன்றுதான் வந்தது. அந்த ஞாயிறு அவசர ஆர்டர் என்று டூட்டி போட்டுவிட்டார்கள் என்று அவர் எழுதியிருந்தார். லிங்க் எடுத்த மறுவாரம்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் கிடைக்கிற ஒருவர், போட்ட மறுநாளே வந்து நகலெடுத்திருக்க முடியாது. இந்தச் சின்னக் கணக்கைப் போட எனக்கு மூன்று நாள் ஆனது. பதிலை அனுப்ப மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனாலும் இதிலும் எனக்கு முழு நிச்சயம் இல்லை. ஹாஸ்டலில் ஒரு போனில் பத்துப் பேர் படிப்பார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் யாருக்காவது காட்டியிருக்கலாம், அந்த யாரோ எடுத்திருக்கலாம். பார்த்தீர்களா, இவ்வளவு எழுதிய பிறகும் சந்தேகம் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறது. திருட்டு போனவர்களுக்கு வரும் வியாதி இது.

என் அம்மா வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்து வைப்பார். கெட்டி அட்டை, முதுகில் அம்மா கையாலேயே எழுதிய தலைப்பு. நடுநடுவே பாதி விளம்பரங்களும் துணுக்குகளும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அந்தப் புத்தகங்கள் எங்கள் தெரு முழுக்கப் போய்வந்தன. சிலது போன இடத்திலேயே தங்கிவிட்டது. யாரும் அதைத் திருட்டு என்று சொல்லவில்லை. எழுதியவருக்குத் தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். எனக்கு எழுத்து மேல் ஆசை வந்ததே அந்த பைண்டுகளால்தான்.

அது வேறு, இது வேறு என்று பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மாவிடம் இருந்தது ஒரே பிரதி. எதிர் வீட்டுக்குப் போனால் எங்கள் வீட்டில் இருக்காது. அந்த எழுத்தாளருக்குப் பத்திரிகை ஏற்கனவே காசு கொடுத்துவிட்டது. பிடிஎஃப் அப்படி இல்லை. இந்த வாதம் சரியானதுதான், என் வாடகை இதன் மேல்தான் நிற்கிறது. ஆனால் கேட்டவர் ஆயிரம் பேர் இல்லையே, ஒருவர். கேட்டது ஆறு அத்தியாயம். முதல் முப்பத்தி நாலை அவர் உதவியோடுதான் எழுதினேன்.

விதிப்படி அனுப்பக் கூடாது என்பதும் உண்மை. அந்த 90 நாள் நிபந்தனையை நான் ஒப்புக்கொண்டுதான் சேர்ந்தேன். ஒருத்திக்கு அனுப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது என்பது இன்னொரு உண்மை. அனுப்பாமல் இருந்ததற்கு விதியைக் காரணம் சொன்னால் அது பொய். பயம்தான் காரணம்.

இதில் என்னை அதிகமாகக் குடைவது வேறொன்று. "அங்க படிச்சுக்கோங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். சந்தா அப்போது மாதம் 169 ரூபாய். பெரிய தொகை இல்லை என்று நினைத்துத்தான் சொன்னேன். பதினாலாவது அத்தியாயத்தில் கதாநாயகியின் ஏடிஎம் கார்டு ஊரில் அவள் அப்பாவிடம் இருக்கும். சம்பளம் ஏறிய அன்றே எடுத்துவிடுவார். சோப்பு வாங்கக்கூடத் தோழியிடம் கடன் கேட்பாள். வாசகர்கள் அழுதுவிட்டோம் என்று எழுதிய அத்தியாயம் அது. அதை எனக்குச் சொன்னது அவர். "எங்க கார்டெல்லாம் ஊர்லதான் அக்கா இருக்கும்" என்று ஒரு வரி எழுதியிருந்தார், அதில் இருந்து எடுத்தேன். நானே எழுதி, நானே மெருகேற்றி, அதற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டு, அந்தப் பெண்ணிடமே போய் சந்தா கட்டிப் படி என்று சொல்லியிருக்கிறேன்.

அவர் பதில் அன்றைக்கே வந்தது. "சரிங்க அக்கா. தப்பா கேட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க."

ஒரு தோழி, அவளும் எழுதுகிறவள், இதைக் கேட்டுவிட்டு, "ஒவ்வொருத்தருக்கும் இப்படி உருகினா நீ மறுபடி ஆடிட்டர் ஆபீஸுக்குத்தான் போகணும்" என்றாள். அவள் சொன்னது தவறில்லை. மூன்று குழந்தைகளை அவள் இந்த வருமானத்தில்தான் படிக்க வைக்கிறாள். வாசகர்கள் குடும்பம் மாதிரி என்று நாம் சொல்வதே நமக்கு வசதியான பேச்சு, கமெண்ட் வேண்டும்போது குடும்பம், காசு என்று வந்தால் வாடிக்கையாளர் என்றும் அவளே சொன்னாள். இரண்டாவது சொன்னதை அவள் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

90 நாள் முடிந்தபோது அந்தத் திட்டத்தில் இருந்து வெளியே எடுத்திருக்கலாம். அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். நாம் போய் நிறுத்த வேண்டும். நான் நிறுத்தவில்லை. அந்த நாவல் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. இதையும் நான் மறைக்க விரும்பவில்லை. வருத்தம் இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

பொங்கலுக்கு முன்னால் ஆறு அத்தியாயத்தையும் ஒரு கோப்பாக்கி அவருக்கு அனுப்பினேன். கூடவே, "இது உங்க கதைம்மா, நான்தான் லேட் பண்ணிட்டேன்" என்று எழுதினேன். பார்த்ததற்கான அடையாளம் இன்றுவரை வரவில்லை. வேலையை விட்டுப் போயிருக்கலாம், கல்யாணம் ஆகியிருக்கலாம், போனே மாறியிருக்கலாம். இல்லை, பார்க்க வேண்டாம் என்றே விட்டிருக்கலாம்.

இப்போது லிங்க்கை மூன்று ஞாயிறு வைத்திருக்கிறேன். அதனால் முதல் மாதப் பக்கக் கணக்கு குறைகிறது, எவ்வளவு என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். ஞாயிறு மதியம் போன் சத்தம் போட்டால் இன்னமும் எழுந்து பார்க்கிறேன்.