111 திருகுகள்

ஆரியங்காவுக் கணவாய்க் காற்று வீசும் செங்கோட்டையில் தண்ணீர் மோட்டார்களைப் பழுதுபார்க்கும் எனக்கு, தலை தேய்ந்த ஒரு திருகு எவ்வளவு பாடுபடுத்தும் என்பது நன்றாகத் தெரியும். 2009 மே மாதம், ஹபிள் தொலைநோக்கியில் 2004 முதல் மின்கோளாறால் நின்றுபோயிருந்த நிறமாலைமானியை (ஒளியை நிறங்களாகப் பிரித்து ஆராயும் கருவியை) சரிசெய்ய விண்ணில் மிதந்த விண்வெளி வீரர் மைக் மாசிமினோவுக்கும் அதுவே நேர்ந்தது: குறுக்கே நின்ற கைப்பிடியின் ஒரு திருகு மட்டும் கழலவே மறுத்தது. காற்றடைத்த கையுறைக்குள் விரலை மடக்குவதே பெரும் உழைப்பு. பூமியில் இருந்தவர்கள் மாதிரியொன்றில் இழுத்துப் பார்த்து ஒப்புதல் சொன்ன பின்னர், அவர் அதைக் கையாலேயே பிடித்து உடைத்தெடுத்தார்.

அதன்பிறகுதான் மூடித்தகட்டின் 111 சிறு திருகுகள். கழன்றவை மிதந்து கருவிக்குள் புகாமலிருக்க, துளையிட்ட தனித்தகடு ஒன்றை முதலில் மேலே பொருத்திக்கொண்டார். திருகுகளைக் கிண்ணத்தில் போட்டுவைத்தே பழகிய நான், அத்தகட்டை வடிவமைத்தவர்களை மனதார வணங்குகிறேன்.