மழைக்காலமும் கார் கதவும்

நவம்பர் 4, கோத்தகிரி

ஐப்பசி மழை விட்டபாடில்லை. கூடலூர்ப் பக்கம் ஆடியில் கொட்டித் தீர்த்துவிடும். எங்கள் கிழக்குச் சரிவுக்கு இதுதான் பெருமழை. காரின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. பின்கதவு கத்துவதில்லை, ஆனால் இழுத்த இழுப்பில் வராது.

மாமனார் தேங்காய் எண்ணெயோடு வந்தார். “வேண்டாம் மாமா” என்றேன். 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும் எண்ணெய் அது. இங்கே பாட்டிலை வெந்நீரில் வைத்துத்தான் தலைக்கே தேய்க்கிறோம். மேட்டுப்பாளையம் இறங்கினால் உருகி வழியும், மேலே ஏறி வந்தால் கீலுக்குள் மறுபடி கட்டி. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நவம்பர் 6

வெயில் எட்டிப் பார்த்தது. கதவை மெதுவாக ஆட்டச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டேன். கிரீச்சென்பது மேல் கீல். ‘கடக்’ என்பது கதவைப் பாதியில் நிறுத்திவைக்கும் ஸ்டாப்பர் பட்டை. பின்கதவில் லாட்ச், அதாவது கதவைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி, இறுகியிருக்கிறது. ஈரத்தில் கதவோரத்து ரப்பர் பட்டையான பீடிங்கும் ஒட்டிக்கொள்கிறது.

கதவைப் பாதி திறந்து நுனியைப் பிடித்துத் தூக்கியும் பார்த்தேன். ஆட்டம் இல்லை, நல்லவேளை. ஆடினால் கீலின் நடுவில் இருக்கும் ‘பின்’ என்ற அச்சுக் கம்பி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் எதை ஊற்றினாலும் வீண்.

நவம்பர் 7

யாரைக் கேட்டாலும் டபிள்யூடி-40 என்கிறார்கள். 1953-ல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கச் செய்த கலவை அது. துருவை இளக்க, பழைய பிசுக்கைக் கழுவ அருமையான பொருள். ஆனால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். மிஞ்சுவது மெல்லிய படலம். இந்த மழையில் கீலுக்குள் அது எத்தனை நாள் நிற்கும்?

பக்கத்து வீட்டு அக்கா, “நம்ம ஊர் தைலம் இருக்கும்போது அதெல்லாம் எதுக்கு?” என்றார். நீலகிரித் தைலமும் பிசுக்கைக் கரைக்கும், உண்மைதான். ஆனால் அது காய்ந்துபோகும், வழவழப்புத் தராது. பெயின்டிலும் ரப்பரிலும் பட்டால் கெடுத்தாலும் கெடுக்கும்.

நவம்பர் 15

வேலை முடிந்தது. முதலில் கீலில் இருந்த கறுப்புச் சேற்றை டபிள்யூடி-40 அடித்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, துணியால் சுத்தமாகத் துடைத்தேன். இதைச் செய்யாமல் மேலே கிரீஸ் வைப்பது மண்ணை உள்ளேயே அரைக்க விடுவதுதான். பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ் ஸ்ப்ரே. அடிக்கும்போது தண்ணீராக இருப்பதால் பின்னுக்குள் இறங்குகிறது. கரைப்பான் பறந்ததும் கிரீஸ் தங்கிவிடுகிறது. டப்பாவில் வரும் ஏபி3 கிரீஸும் லித்தியம் வகைதான். ஸ்டாப்பர் பட்டைக்கு அதையே விரலால் தடவினேன். கீல் இடுக்குக்குள் அந்தக் கெட்டி கிரீஸ் போகாது. லாட்சுக்கும் ஸ்ப்ரேதான். அடித்துவிட்டுக் கதவைப் பலமுறை திறந்து மூடி, வழிந்ததைத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டைக்குத்தான் கிரீஸ்.

ரப்பரில் கிரீஸ் பூசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பெட்ரோலிய எண்ணெய் பட்ட பீடிங் உப்பித் தளர்ந்துபோகும். அதற்குச் சிலிக்கான் ஸ்ப்ரே, அதுவும் துணியில் அடித்துத் தடவ வேண்டும். கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பருக்கும் அதுவே. சாவித் துவாரத்துக்குக் கிராஃபைட் தூள் மட்டும். எண்ணெய் விட்டால் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளையும் குச்சியால் குத்தினேன். மக்கிய இலையும் தண்ணீரும் கொட்டின. கதவு உள்ளிருந்து துருப்பிடிப்பது இப்படித்தான்.

டிசம்பர் 29

ஊட்டியில் உறைபனி. தலைகுந்தாவிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். டாக்ஸி ஓட்டுகிறான். விடியற்காலையில் ரப்பர் பாடியோடு ஒட்டிக் கதவு திறக்கவில்லையாம். சிலிக்கான் தடவச் சொல்லலாம் என்று பார்த்தால், பொங்கலுக்கு முன்னால் வண்டியை டிங்கரிங், பெயின்டுக்கு விடப்போகிறானாம். சிலிக்கான் பட்ட இடத்தில் பெயின்ட் குழி குழியாக விலகும். “அது முடியட்டும் தம்பி, அதுவரை ராத்திரி நிறுத்தும்போது ரப்பரை ஈரம் போகத் துடைச்சுட்டு மூடு” என்றேன். வெந்நீர் ஊற்றலாமா என்று கேட்டான். கண்ணாடி விரிசல் விடும், வேண்டாம் என்றேன்.